வளர்ப்பு நாய், பூனைகளின் தொற்றுநோய் அபாயத்தை ஆண்டுதோறும் கணிப்பது எப்படி?

நாய்க்கோ பூனைக்கோ குட்டிப் பருவத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட தடுப்பூசி அட்டை, அந்த நேரத்தில் அந்த இடத்தில் எந்தெந்த நோய்களுக்கு அஞ்ச வேண்டியிருந்தது என்பதைத்தான் காட்டும். அதன் பிறகு விலங்குக்கு வயது கூடியிருக்கும், குடும்பம் வீடு மாறியிருக்கும், உணவு மாறியிருக்கும். நோய்க்கிருமிகளும் சும்மா இருந்திருக்காது. நாய்க்குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும், இன்று எல்லோரும் அறிந்த பார்வோ வைரஸ் 1970-களுக்கு முன் நாய்களிடம் அறியப்படாத ஒன்று. 1978-ல் அது உலகின் பல பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைகாட்டியது. குதிரைகளிடம் இருந்து தாவிய எச்3என்8 இன்ஃப்ளூயன்சா 2004-ல் புளோரிடாவின் பந்தய நாய்களிடம் கண்டறியப்பட்டது. 2023-ல் சைப்ரஸ் தீவில் ஏராளமான பூனைகளைக் கொன்ற எஃப்ஐபி (பூனைகளின் தொற்று வயிற்றுறை அழற்சி) நோய்க்குக் காரணமான வைரஸ், பூனைக் கொரோனா வைரஸும் நாய்க் கொரோனா வைரஸும் மரபணுக்களைக் கலந்துகொண்டு உருவானது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இத்தனை நோய்களையும் கற்றுத் தேர்வது விலங்கை வளர்ப்பவரின் வேலை அல்ல, அதற்குக் கால்நடை மருத்துவர் இருக்கிறார். ஆனால் உங்கள் வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதைக் கவனித்து, குறித்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரிடம் முழுமையாகச் சொல்வதுதான் இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்தும் வேலை.

மாற்றங்களைக் குறித்து வைத்தல்

ஒரு குறிப்பேட்டையோ கைப்பேசியில் ஒரு பக்கத்தையோ இதற்கென ஒதுக்குங்கள். விலங்கு வீட்டைவிட்டு எங்கெல்லாம் சென்றது, எந்த விலங்குகளோடு பழகியது, எந்த உணவைச் சாப்பிட்டது, உடம்பில் உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ எப்போது தென்பட்டது, எந்த மருந்து எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது ஆகியவற்றை எழுதினால் போதும். பயணங்களை மட்டும் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து எழுதுங்கள். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நாயின் உடலில் நுழைந்து, சில மாதங்கள் முதல் பல ஆண்டுகள் வரை எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்ற பயணத்தை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், இன்று நாயின் தோல் உரிவதற்கும் உடல் மெலிவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்ற வழியில்லை.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் எனப் புதிதாக ஒருவர் வீட்டில் இருந்தால், விலங்குக்கு எந்த மாற்றமும் நேராவிட்டாலும் அபாயத்தின் அளவு மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

உண்ணிகள்

நாய்களுக்கான அபாயப் பட்டியலில் கடந்த இருபது ஆண்டுகளில் மிக வேகமாக மாறிவருவது உண்ணிகள் வாழும் பரப்புதான். குளிர்காலம் குறுகுவது, மான் போன்ற காட்டு விலங்குகள் பெருகுவது, மனிதர்களோடு நாய்களும் பயணம் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, முன்பு உண்ணியே இல்லாத வட்டாரங்களிலும் அவற்றை நிலைகொள்ளச் செய்துள்ளன. ஆசியாவைச் சேர்ந்த நீண்ட கொம்பு உண்ணி 2017-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கண்டறியப்பட்டது. 2016-ன் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ஒருபோதும் வெளிநாடு செல்லாத நாய்களுக்குப் பபேசியா கானிஸ் என்ற, உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணியின் தொற்று ஏற்பட்டது. உண்ணி பரப்பும் பாக்டீரியாவான எர்லிக்கியா கானிஸ் இல்லாத நாடாகக் கருதப்பட்டுவந்த ஆஸ்திரேலியாவில், 2020-ல் மேற்குப் பகுதியின் உள்ளூர் நாய்களிடமே அது வெளிப்பட்டது. 'எங்கள் பக்கம் அந்த நோய் கிடையாது' என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். இன்றும் அது உண்மைதானா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

உண்ணிகளில் பழுப்பு நாய் உண்ணி தனி ரகம். மற்ற உண்ணிகளுக்குப் புல்வெளியோ காடோ வேண்டும். இதற்கு ஒரு நாயும் சுவரில் ஒரு விரிசலும் இருந்தால் போதும். முட்டையில் இருந்து வெளிவரும் புழுப்பருவம், அடுத்த இளம்பருவம், வளர்ந்த உண்ணி என மூன்று கட்டங்களிலும் இது நாயின் மீது ஏறி இரத்தம் குடித்துக் கீழே விழுந்து, தரையோரத்திலோ கட்டில் மூலையிலோ ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயின் உடம்பில் ஐந்து உண்ணிகளைப் பார்த்தால், வீட்டுக்குள் பார்வைக்குப் படாதவை அதைவிடப் பல மடங்கு இருக்கின்றன என்று பொருள். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுத் தரையையும் விரிப்பையும் விட்டுவிட்டால், சில வாரங்களில் அதே தொல்லை திரும்ப வரும்; அப்போது பழியை மருந்தின் மீது போடுவோம். நாய் படுக்கும் துணியைச் சூடான நீரில் துவைத்து, சுவரோர விரிசல்களை அடைத்து, வெற்றிடத் துப்புரவுக் கருவியால் மூலைகளை உறிஞ்சி எடுத்து, சேர்ந்த குப்பையை உடனே மூடிய பையில் கட்டி வெளியேற்ற வேண்டும்.

நாய் வெளியே சென்று வந்த ஒவ்வொரு முறையும் உடம்பைத் தடவிப் பாருங்கள். காது மடலின் உட்புறம், கண்ணிமை ஓரம், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, அக்குள், தொடையிடுக்கு, விரல்களின் இடைவெளி, வாலின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் விரல் நுனியால் ரோமத்துக்கு எதிர்த்திசையில் தடவினால் சிறு பருப்பு போலத் தட்டுப்படும். அகப்பட்டால், நுனி கூரான இடுக்கியைத் தோலை ஒட்டி வைத்து, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, அதன் வயிற்றை நசுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது ஆகிய பழைய வழிகளைக் கைவிடுங்கள்; அவை உண்ணியைத் தொந்தரவு செய்து அதன் உமிழ்நீரையும் வயிற்றுச் சாரத்தையும் கடித்த புண்ணுக்குள் கக்கவைக்கக்கூடும். எடுத்த உண்ணியை விரல்களால் நசுக்காமல் கிருமிநீக்கும் ஆல்கஹாலில் போட்டு மூடிவிட்டு, கடித்த இடத்தையும் உங்கள் கைகளையும் சோப்பால் கழுவுங்கள். உண்ணியை எடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், சோர்வு, பசியின்மை, மூக்கில் இரத்தம், ஈறுகளிலும் வயிற்றுத் தோலிலும் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அந்தத் தேதி மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

தினமும் பார்த்து உண்ணியை எடுத்துவிட்டால் மருந்து தேவையில்லை என்ற நம்பிக்கை பாதிதான் சரி. லைம் நோய்க் கிருமி உடலுக்குள் செல்லப் பெரும்பாலும் உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். எர்லிக்கியாவோ சில மணி நேரத்திலேயே கடந்துவிடக்கூடும். ஆகவே கை பார்ப்பதும் வேண்டும், மருந்தும் வேண்டும். மாத்திரை, கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மருந்தூட்டிய கழுத்துப்பட்டை ஆகியவற்றில் எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மாத்திரை பற்றிப் பேசும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். பூனை இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை: நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. அதைப் பூனைக்கு நேரடியாகப் போடக்கூடாது என்பதோடு, மருந்து போட்ட நாயின் மீது பூனை உரசிப் படுப்பதையும் மருந்து காயும்வரை தடுக்க வேண்டும்.

கொசுவும் மணல் ஈயும்

கொசுவின் வழியாகப் பரவும் இதயப்புழு வெப்பத்தைச் சார்ந்தது. கொசுவின் உடலுக்குள் புழுவின் இளம்பருவம் வளர ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. 27 டிகிரி அளவில் இரண்டு வாரங்களுக்குள் அது தொற்றும் நிலையை எட்டிவிடும். வெப்பமான மாதங்கள் கூடக் கூட, தொற்றும் பருவமும் நீள்கிறது. மாதந்தோறும் கொடுக்கும் இதயப்புழுத் தடுப்பு மாத்திரை, வரப்போகும் மாதத்துக்கான கவசம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கடந்த வாரங்களில் உடலுக்குள் நுழைந்துவிட்ட இளம் புழுக்களைக் கொல்கிறது. எனவே கொசுப் பருவம் முடிந்த கையோடு மாத்திரையை நிறுத்தினால், கடைசியாக நுழைந்தவை தப்பித்து வளரும். இடையில் தவணைகள் விட்டுப்போயிருந்தால், தொற்றிய ஆறேழு மாதங்களுக்குப் பிறகே ஆன்டிஜென் சோதனையில் (புழுவின் புரதத்தைத் தேடும் இரத்தச் சோதனை) அது தெரியவரும் என்பதால் சோதனைக்குரிய நாளை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பூனைகளின் உடலில் ஓரிரு புழுக்களே இருக்கும் என்பதால் சோதனை எளிதில் ஏமாற்றிவிடும். பூனையின் இருமலையும் மூச்சிரைப்பையும் ஆஸ்துமா என்று முடிவு கட்டுவதற்கு முன் இதையும் நினைவூட்டலாம்.

மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா, 1990-களில் இருந்து வட இத்தாலி போன்ற புதிய பகுதிகளிலும் வேரூன்றியுள்ளது. மாலை முதல் விடியற்காலை வரை நாயை வீட்டுக்குள் வைத்திருப்பதும், மணல் ஈயை விரட்டும் மருந்தூட்டிய கழுத்துப்பட்டையும் முதன்மையான தற்காப்பு. தொற்றிவிட்டால் சிகிச்சையால் நோயைக் கட்டுக்குள் வைக்கலாமே தவிர, ஒட்டுண்ணியை உடலில் இருந்து முற்றிலும் அகற்றுவது அரிது.

புதிய விலங்கு வீட்டுக்கு வரும்போது

ஆதரவற்ற நாயையோ பூனையையோ தத்தெடுப்பது நற்செயல். அதே நேரத்தில் நோய்கள் இடம்பெயர்வதற்கான முக்கிய வழிகளில் அதுவும் ஒன்று. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பின் மீட்கப்பட்ட நாய்கள் வட அமெரிக்காவின் பல பகுதிகளுக்கு அனுப்பப்பட்டபோது, அவற்றுள் பல இதயப்புழுவோடு சென்றன. நாய்களின் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் புருசெல்லா கானிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று பிரிட்டனில் 2020-க்குப் பின் கூடியதற்குக் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த நாய்களே பெரும்பாலும் காரணம். இந்தத் தொற்றுக்குத் தடுப்பூசி இல்லை. மருந்து கொடுத்தாலும், கருத்தடை அறுவை செய்தாலும், கிருமி முழுதாக நீங்கிவிட்டது என்று உறுதி சொல்ல முடியாது. பிரேசிலில் பூனைகளின் கீறல் வழியாக மனிதர்களுக்குப் பரவிவரும் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை, அங்கிருந்து பிரிட்டனுக்குச் சென்ற ஒரு பூனையிடம் இருந்து அங்குள்ள சிலருக்குத் தொற்றியது 2022-ல் பதிவானது. பாதிக்கப்பட்டவர்களில் ஒரு கால்நடை மருத்துவரும் இருந்தார்.

ஆகவே புதிய விலங்கு எங்கே பிறந்தது, எங்கெல்லாம் இருந்தது, எந்தச் சோதனை எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'எல்லாச் சோதனையும் செய்துவிட்டோம்' என்ற வாய்மொழி போதாது. தேதி மிக முக்கியம், ஏனெனில் தொற்றிய புதிதில் செய்த சோதனை பல நோய்களுக்கு இல்லை என்றே காட்டும். பூனைகளின் லுக்கீமியா வைரஸ், எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் எஃப்ஐவி வைரஸ் ஆகிய இரண்டுக்கும் முதல் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலும், ஒன்றிரண்டு மாதங்கள் கழித்து மறுபடி பார்ப்பது இதனால்தான்.

வீட்டில் ஏற்கெனவே விலங்கு இருந்தால், புதியதைக் குறைந்தது இரண்டு வாரங்கள் தனி அறையில் வையுங்கள். தனி அறை என்றால் தனி உணவுப் பாத்திரம், தனி நீர்ப் பாத்திரம், தனி மலத்தட்டு, தனி விரிப்பு. முதலில் பழைய விலங்கைக் கவனித்துவிட்டு, அதன்பின் புதியதின் அறைக்குள் செல்லும் வரிசையைக் கடைப்பிடியுங்கள். வெளியே வந்ததும் கையைக் கழுவி மேலாடையை மாற்ற வேண்டும். பார்வோ தொற்றிய குட்டி, வாந்தியும் பேதியும் தொடங்குவதற்கு முன்பே மலத்தில் வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடும். அந்த வைரஸ் நிழலான மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். கைகளில் தடவும் ஆல்கஹால் கிருமிநாசினி அதை ஒன்றும் செய்யாது. தரையைச் சோப்பால் நன்கு கழுவி அழுக்கை அகற்றிய பிறகு நீர்த்த பிளீச்சிங் கரைசலை ஊற்றி, குறைந்தது பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் வீரியம் வீணாகும்.

உணவு

பச்சை இறைச்சி உணவே இயற்கையானது என்ற வாதம் சில ஆண்டுகளாகப் பரவலாகக் கேட்கிறது. சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களை மட்டும் வைத்தே அதை மறுத்துவந்தோம். இப்போது பறவைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. எச்5என்1 வைரஸ் பூனைகளைக் கடுமையாகத் தாக்குகிறது: காய்ச்சல், மூச்சுத்திணறல், தள்ளாட்டம், வலிப்பு, பார்வையிழப்பு எனத் தொடங்கிச் சில நாட்களில் உயிரைப் பறித்துவிடுகிறது. 2023-ல் போலந்தில் ஏராளமான வீட்டுப் பூனைகள் பாதிக்கப்பட்டன. 2024-ல் அமெரிக்கப் பால் பண்ணைகளில் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் இறந்தன. அதே ஆண்டின் இறுதியில், உறையவைத்த பச்சை இறைச்சித் தீனி ஒன்று இந்த வைரஸ் இருந்ததால் கடைகளில் இருந்து திரும்பப் பெறப்பட்டது. உறையவைப்பது வைரஸைப் பாதுகாக்குமே தவிர அழிக்காது. முழுவதுமாக வேகவைத்த இறைச்சியும் காய்ச்சிய பாலும் இந்த அபாயத்தை நீக்கிவிடும் என்பதால், இந்த ஒரு மாற்றத்தைச் செய்யத் தயங்குவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. பறவைகளை வேட்டையாடும் பூனையை, சுற்றுவட்டாரத்தில் பறவைகள் இறந்துகிடப்பதாகத் தகவல் வரும் காலத்திலாவது வீட்டுக்குள் வைத்திருங்கள்.

தேங்கிய நீர்

எலியின் சிறுநீர் கலந்த நீர், ஈரமண் ஆகியவற்றின் வழியாக எலிக்காய்ச்சல் பரவுகிறது. இது வயல்வெளி நாய்களின் நோய் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்: 2021-ல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 200-க்கு மேற்பட்ட நாய்களுக்கு இது வந்தபோது, அவற்றுள் பல நாய்கள் காப்பகங்களில் விடப்பட்டிருந்தன. கனமழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு அபாயம் கூடும். இதற்கான தடுப்பூசியின் காப்பு ஓர் ஆண்டளவே நீடிக்கும். முதலில் சில வார இடைவெளியில் இரண்டு தவணைகளும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் வேண்டும். மேலும் அது அதில் அடங்கியுள்ள கிருமி வகைகளையே தடுக்கும் என்பதால், உங்கள் பகுதியில் உலவும் வகைகள் அதில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நாய் வழக்கத்தைவிட அதிகமாக நீர் குடித்துச் சிறுநீர் கழித்தால், அல்லது கண் வெண்படலம் மஞ்சளித்தால், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதுவரை அதன் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டையை மறுபடி படித்தல்

அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது குட்டிக்கான கடைசித் தவணை எந்த வயதில் போடப்பட்டது என்பது. தாயிடம் இருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் மிச்சம் இருக்கும்வரை தடுப்பூசியைச் செயல்படவிடாது. ஆகவே 16 வாரங்கள் நிறைந்த பின்னரோ அதற்கு மேலோ ஒரு தவணை கட்டாயம் இருந்திருக்க வேண்டும். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், ஓராண்டு நிறைவில் போட்டுவந்த தவணையை 26 வாரங்கள் நிறைந்ததும் அல்லது அதன் பின் போடப் பரிந்துரைக்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் (மூச்சு உறுப்புகளையும் நரம்புகளையும் தாக்கும் வைரஸ் நோய்) போன்றவற்றுக்கான அடிப்படைத் தடுப்பூசிகளை ஒழுங்காக முடித்த நாய்க்கு அவற்றை ஆண்டுதோறும் போடத் தேவையில்லை, மூன்று ஆண்டு இடைவெளி போதுமானது. ஆனால் எலிக்காய்ச்சலுக்கும் காப்பக இருமலுக்கும் (நாய்கள் கூடும் இடங்களில் பரவும் தொற்று இருமல்) அந்தக் கணக்கு பொருந்தாது. ரேபிஸுக்குச் சட்டமும் தடுப்பூசித் தயாரிப்பாளரின் குறிப்பும் என்ன சொல்கின்றனவோ அதுவே இடைவெளி.

குடற்புழு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொக்கிப்புழுக்கள் பல மருந்துகளை ஒருசேர எதிர்த்து நிற்பது அமெரிக்க நாய்களிடம் உறுதிப்பட்டுள்ளது. ஆகவே மருந்து கொடுத்தாயிற்று என்பதோடு நின்றுவிடாமல், சுமார் இரண்டு வாரங்கள் கழித்து மலத்தைச் சோதித்து, முட்டைகள் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நோயுற்றால்

ஆரோக்கியமாக இருக்கும்போதே உங்கள் விலங்கின் இயல்பை அறிந்து வைத்திருங்கள். அயர்ந்து உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். பொதுவாக 30-க்குக் கீழே இருக்கும். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி வரை இயல்பானது. இவற்றில் மாற்றம் தெரிந்தால் மருத்துவமனைக்கு முன்கூட்டியே அழைத்து, தொற்றாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இருமும் நாயைக் காத்திருப்பு அறையில் மற்ற விலங்குகளின் நடுவே உட்கார வைக்காமல் வாகனத்திலேயே வைத்திருக்கச் சொல்லக்கூடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்க்கும் பழக்கம், சோதனை முடிவையும் கெடுக்கும், மருந்தை எதிர்க்கும் கிருமிகளையும் வளர்க்கும். பாராசிட்டமால் பூனைக்கு உயிராபத்து. ஒரு மாத்திரைகூட ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

விலங்கின் குணம் திடீரென்று மாறி, காரணமின்றிக் கடிக்க வந்தாலோ, தொண்டை அடைத்தது போல எச்சில் ஒழுகினாலோ, வாய்க்குள் எலும்பு சிக்கியிருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்காதீர்கள். உலக அளவில் ரேபிஸால் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாகக் கணிக்கப்படுகிறது. மனிதர்களுக்கு அது வருவது ஏறத்தாழ எப்போதும் நாயிடம் இருந்துதான். கடியோ கீறலோ பட்டால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, விலங்குக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்குச் சென்று உங்களுக்கான தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். விலங்கை ஓர் அறையில் பூட்டிவைத்து, நடந்ததையும் தடுப்பூசி அட்டையில் உள்ள தேதியையும் கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியிலேயே தெரிவித்துவிடுங்கள்.